அசனம்: கடைசிப் பந்தியிலிருந்து கணக்குப் போடுங்கள்

கேள்வி: ஐயா, சாத்தான்குளம் பக்கம் ஒரு சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபை எங்களுடையது. ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு வருஷாவருஷம் அசனம், அதாவது பொது விருந்து, போடுகிறோம். இந்த வருஷம் அசனக் கமிட்டிச் செயலாளர் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். வயது 34. சமையலில் எனக்குத் தெரிந்தது காபி போடுவது மட்டும். போன வருஷம் 900 பேர் என்று நினைத்து 110 கிலோ ஆட்டுக்கறி எடுத்தோம்; வந்தது 1,150 பேர். ஐந்தாம் பந்தியிலேயே கறி தீர்ந்து வெறும் குழம்பு ஊற்றினோம். போதாததற்கு, கடைசிப் பந்தியில் சாப்பிட்ட முப்பது பேருக்கு நடுராத்திரி வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு. வாந்தி, காய்ச்சல் இல்லை. மறுநாள் சாயங்காலம் சரியாகிவிட்டது. முதல் பந்திக்காரர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. குழம்பை இறக்கியது காலை 6 மணி, முதல் பந்தி 12.30, கடைசிப் பந்தி 3.30. தண்ணீர் சரியில்லை என்கிறார் ஒருவர், சமையல்காரரை மாற்று என்கிறார் இன்னொருவர். இந்த வருஷம் 1,200 பேருக்குத் திட்டம் போட வேண்டும். பரிமாற வாலிபர்கள் வருவதில்லை என்ற குறை வேறு. எங்கே ஆரம்பிப்பது?

பதில்:

அன்புள்ள தம்பி,

சமையல்காரர் இருக்கட்டும். அடுப்புப் பற்றவைக்கும் நேரத்தை மாற்றுங்கள். எப்போது இறக்கினீர்கள், எப்போது சாப்பிட்டார்கள், எப்போது வயிற்றைப் பிடித்தது என்ற மூன்றையும் மணிக்கணக்கோடு எழுதியிருக்கிறீர்கள். பல கமிட்டிகளில் இந்த மூன்றும் யாருக்கும் ஞாபகம் இருக்காது. ‘கண்ணு பட்டுடுச்சு’ என்று முடித்துவிடுவார்கள்.

தண்ணீர் கெட்டிருந்தால் முதல் பந்திக்காரர்களும் படுத்திருப்பார்கள். அவர்களும் அதே தண்ணீரைத்தானே குடித்தார்கள். 3.30க்குச் சாப்பிட்டு, எட்டொன்பது மணி நேரம் கழித்து வலியும் போக்கும், ஒரே நாளில் குணம். ஆய்வுக்கூடத்தில் பார்க்காமல் அடித்துச் சொல்ல முடியாது என்றாலும், இந்த நேரக்கணக்கு கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரின்ஜென்ஸ் என்ற கிருமிக்கு அச்சாகப் பொருந்துகிறது. பெரிய அண்டாவில் கறிக்குழம்பு வைக்கும் விருந்துகளில் இது பழைய ஆசாமி. குழம்பு கொதிக்கும்போது கிருமி செத்துவிடும், ஆனால் அதன் வித்துகள் சாவதில்லை. கொதித்த சூட்டிலேயே அவை முளைக்கத் தயாராகிவிடும். கொதிப்பு குழம்பிலிருந்த காற்றையும் விரட்டிவிடுகிறது. காற்றில்லாத இடம்தான் இந்தக் கிருமிக்கு வேண்டும். பிறகு அண்டாவை இறக்கி, மூடி, அப்படியே வைத்தால் சூடு மெதுவாக இறங்கும். 45 டிகிரி வாக்கில் வரும்போது இது பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். கணக்குப்படி ஒரே ஒரு கிருமி மூன்று மணி நேரத்தில் இரண்டரை லட்சத்தைத் தாண்டும். பெரிய அண்டா சீக்கிரம் ஆறாது என்பதை நாம் வசதி என்று நினைக்கிறோம். கிருமிக்கும் அதுதான் வசதி. 12.30க்குக் குழம்பு இன்னும் சுடச்சுட இருந்திருக்கும், அதனால் முதல் பந்தி தப்பித்தது. 3.30க்கு வெதுவெதுப்பு. வாசனையில், ருசியில் ஒரு மாற்றமும் தெரியாது.

கறி தீர்ந்ததும் இதே கதைதான். 110 கிலோவை 1,150 பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு 95 கிராம். 30 கிராம் துண்டாகப் போட்டிருந்தால் எல்லோர் இலையிலும் மூன்று துண்டு விழுந்திருக்கும். ஆக, வாங்கியதில் குறை கொஞ்சம்தான், பரிமாறியதில்தான் பெரிய குறை. முதல் இரண்டு பந்தியில் அகப்பை நிறைய அள்ளிப் போட்டிருக்கிறார்கள். கறி தீர்வதும் வயிறு கெடுவதும் கடைசிப் பந்தியில்தான் தெரியும் என்பதால், திட்டத்தையும் அங்கிருந்தே பின்னோக்கிப் போடுங்கள்.

பந்தி எத்தனை என்பதிலிருந்து தொடங்குவோம். ஆறு பந்தி இழுத்ததால்தான் 3.30 ஆனது. மண்டபத்தில் 200 இலைதான் விழும் என்றால் ஆலய வளாகத்தில் பந்தல் போட்டு இன்னும் 100 இலைக்கு இடம் பண்ணுங்கள். 300 இலை, 4 பந்தி. சாப்பிட 25 நிமிஷம், இலை எடுத்துத் துடைத்து மறுபடி விரிக்க 15 நிமிஷம். 12.15க்கு முதல் பந்தி உட்கார்ந்தால் 12.55, 1.35, 2.15 என்று போய் 2.50க்குள் எல்லாம் முடிந்துவிடும்.

1,200 பேருக்குச் சரக்கு: அரிசி தலைக்கு 150 கிராம், ஆக 180 கிலோ. கல்யாண வீட்டில் கிலோவுக்கு எட்டுப் பேர் என்பார்கள். கறிச்சோறுக்கு அந்தக் கணக்கு பற்றாது. எலும்போடு கறி தலைக்கு 125 கிராம், ஆக 150 கிலோ. உயிரோடு 25 கிலோ நிற்கும் ஆட்டில் 12 கிலோ கறி தேறும் என்றால் 12, 13 உருப்படி வேண்டும். சின்ன வெங்காயம் 40 கிலோ, தேங்காய் 100, எண்ணெய் 12 முதல் 15 லிட்டர். சாம்பாருக்குத் துவரம்பருப்பு கிலோவுக்கு 45 பேர் வீதம் 27 கிலோ. இலை 1,350 வாங்குங்கள். கிழிசல், பொத்தல் எப்படியும் போகும். தேங்காயை முந்தின ராத்திரியே அரைத்து வைக்காதீர்கள், விடியுமுன் புளித்துவிடும். அந்தந்த அடுப்புக்கு அன்றைக்கே அரைத்து, கறி வெந்த பிறகு ஊற்றி ஒரு கொதி விட்டால் போதும்.

கறியை இரண்டு ஈடாகச் சமையுங்கள், ஈட்டுக்கு 75 கிலோ. ஒரு வார்ப்பில் (பெரிய சமையல் பாத்திரம்) 40 கிலோவுக்கு மேல் ஏற்றினால் அடி பிடிக்கும், மேல் கறி வேகாது. எனவே ஈட்டுக்கு இரண்டு வார்ப்பு. முதல் ஈட்டுக்கு அடுப்பு 9.30க்குப் பற்ற வேண்டும், 11.45க்கு இறங்கும், அது முதல் இரண்டு பந்திக்கு. இரண்டாம் ஈடு 11 மணிக்குப் பற்றி 1.15க்கு இறங்கும், மூன்றாம் நான்காம் பந்திக்கு. கறிக்கடைக்காரரிடமும் இரண்டு தவணையாகத்தான் சொல்ல வேண்டும். விடியற்காலம் 4 மணிக்கு அறுத்த கறியைப் பதினொரு மணி வரை தார்ப்பாயில் பரப்பி ஈ ஓட்டிக்கொண்டிருப்பது நம் ஊர்களில் சகஜம். அதை இந்த வருஷத்தோடு நிறுத்துங்கள். இரண்டாம் தவணை 9 மணிக்கு வரட்டும், அல்லது கறியின் எடைக்கு எடை ஐஸ் போட்டுப் பெட்டியில் மூடி வையுங்கள்.

இறக்கிய வார்ப்பின் அடியில் தணல் இருக்கட்டும். ஒரு குச்சித் தெர்மாமீட்டர் வாங்குங்கள், சில நூறு ரூபாய்தான். அரைமணிக்கு ஒருமுறை குழம்பின் நடுவில் விட்டுப் பார்த்து, 60 டிகிரிக்குக் கீழே போகவிடாமல் காக்க ஒரு ஆளைப் போடுங்கள். கணக்கு வாத்தியார் யாராவது சபையில் இருப்பார், அவருக்கு இந்த வேலை பிடிக்கும். சூடு இறங்கியது தெரிந்தால் உடனே தணலைக் கூட்டி, கிளறி, நடுவிலும் தளதளவென்று கொதிக்க விடுங்கள். இரண்டு மணி நேரம் 60க்குக் கீழே கிடந்த குழம்பை மறுபடி கொதிக்க வைத்துப் போடலாமே என்று யாராவது சொன்னால் ஒப்பாதீர்கள். சில கிருமிகள் விட்டுப்போன நஞ்சு கொதித்தாலும் போகாது. பழைய குழம்பின் மேல் புதுக் குழம்பை ஊற்றிக் கலப்பதும் கூடாது.

சோறுக்கும் இதே நியாயம். 180 கிலோவையும் ஒரே மூச்சில் வடித்துப் பாயில் குவிக்காமல், பந்திக்கு 45 கிலோ வீதம் நாலு ஈடாக வடியுங்கள். முதல் ஈட்டுக்கு 11.15க்கு அரிசி போட்டால் சரியாக இருக்கும். குவியலின் நடு சுடும். ஓரம் வெதுவெதுப்பாகிவிடும், நடுவும் மெதுவாக அந்தச் சூட்டுக்கு வரும்; கிருமி பெருகுவது அந்த வெதுவெதுப்பில்தான். மூட வெளுத்த வேட்டி போதும். யூரியாச் சாக்கைத் துவைத்துப் போட்டு மூடுகிற வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. உரச் சாக்கு உரத்துக்குத்தான். ஓலைப்பெட்டியில் அள்ளுவதானால் பெட்டி புதியதாக இருக்கட்டும்.

பாத்திரத்தில் ஒரு எச்சரிக்கை. சபைக்குச் சொந்தமான பழைய பித்தளை அண்டாக்கள் இருந்தால் உள்ளே வெள்ளீயம் பூசியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளைப் பூச்சு தேய்ந்து மஞ்சள் தெரிந்தால் அதில் புளி சேர்ந்த எதையும் வைக்கக்கூடாது. புளியில் செம்பு கரைந்து இறங்கும்; சாப்பிட்ட கொஞ்ச நேரத்திலேயே குமட்டி வாந்தி வரும்.

தண்ணீர் மேல் பழி இல்லை என்றாலும் அதையும் ஒழுங்கு பண்ணிவிடுங்கள். தெளிந்த தண்ணீர் 1,000 லிட்டருக்கு நல்ல ப்ளீச்சிங் பவுடர் சுமார் 2.5 கிராம். ஒரு வாளித் தண்ணீரில் குழப்பி, சுண்ணாம்பு அடியில் படிந்த பிறகு மேல் தெளிவை மட்டும் தொட்டியில் ஊற்றி, ஒரு மணி நேரம் விட்டு எடுங்கள். பொட்டலம் பிரித்து மாதக்கணக்கான பவுடரில் வீரியம் இருக்காது.

இனிப் பரிமாறுவது. ஒவ்வொரு ஈட்டையும் இறக்கியதும் இரண்டு பங்காகப் பிரித்து, தனித்தனி அண்டாவில் மூடி, மேலே பந்தி எண்ணைச் சாக்பீஸால் எழுதித் தணலில் வையுங்கள். மூன்றாம் பந்திக்காரர் நான்காம் அண்டாவைத் தொடக்கூடாது. 200 மில்லி பிடிக்கும் அகப்பை ஆறு வாங்கி, இலைக்கு ஒரு அகப்பை, நாலு துண்டு என்று பழக்குங்கள். மறுசோறுக்குக் குழம்பு மட்டும். மறுகறி கடைசிப் பந்தி உட்கார்ந்த பிறகுதான். ‘இன்னும் ரெண்டு போடுப்பா’ என்று அதட்டுகிறவர் பெரும்பாலும் போன வருஷக் கமிட்டி ஆளாக இருப்பார். அவர் வரிசைக்கு, அவர் அதட்டலுக்குப் பயப்படாத ஒரு அத்தையை நிறுத்துங்கள். ஆள் எண்ணிக்கையைத் தலை எண்ணிப் பார்க்க வேண்டாம், நூறு நூறாகக் கட்டிய இலைக்கட்டு எத்தனை பிரிந்தது என்று பார்த்தால் தானே தெரியும். அடுத்த வருஷத்துக்கு அந்த எண்தான் மூலதனம்.

யார் எப்போது உட்காருவது என்பது சமையலைவிடச் சிக்கலான விஷயம். சர்க்கரை வியாதிக்கு ஊசியோ மாத்திரையோ போட்டவர் 2.15 வரை காத்திருந்தால் மயங்கி விழுவார். அவர்களுக்கும் வயதானவர்களுக்கும், கைக்குழந்தைக்காரருக்கும் கர்ப்பிணிகளுக்கும் முதல் பந்தியில் மேசை நாற்காலியோடு 40 இடம் ஒதுக்கிவிடுங்கள். சேகர குருவும் (சபைப் போதகர்) கமிட்டியும் சமையல்காரர்களும் கடைசிப் பந்தி. பந்தல்காரர், மைக் செட் பையன்கள், இலை அள்ளும் தூய்மைப் பணியாளர்கள், பக்கத்துத் தெருவிலிருந்து வரும் பிற மதத்தவர் எல்லோரும் எந்தப் பந்தியிலும் உட்காரலாம் என்று ஆராதனை அறிவிப்பிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் அவர்கள் கடைசி வரை ஓரமாகத்தான் நிற்பார்கள். கறி சாப்பிடாதவர்களுக்குச் சாம்பாரும் கூட்டும் தனி அகப்பையோடு ஒரு தனி வரிசை.

முக்கியஸ்தர்களுக்கு உள் அறையில் தனி மேசை போடும் வழக்கம் உங்கள் சபையில் இருந்தால் விட்டுவிடச் சொல்லுவேன். கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833-ல் தென்னிந்தியச் சபைகளுக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று எழுதியபோது தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே போனார்கள். நற்கருணையில் யார் முன்னால், யார் பின்னால் என்பதும் அந்தச் சண்டையில் இருந்தது. அந்த வரலாறு உள்ள மண்ணில் எல்லோரும் ஒரே வரிசையில் சம்மணம் போட்டுச் சாப்பிடுவது சின்னக் காரியமில்லை. அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்தில் முறுமுறுப்பு எழுந்ததும் சாப்பாட்டில் விடுபட்ட விதவைகளால்தான். தமிழ் வேதாகமம் அந்த வேலைக்குப் பந்திவிசாரணை என்று பெயர் கொடுத்திருக்கிறது. பந்திக்கு ஒருவரை அந்தப் பெயரிலேயே நியமியுங்கள். அவர் கையில் அகப்பை இருக்கக்கூடாது, நடந்து பார்ப்பது மட்டும்தான் அவர் வேலை.

வாலிபர்கள் வருவதில்லை என்கிறீர்கள். காலை ஐந்து மணிக்கு வரச்சொல்லி, எப்போது விடுவோம் என்று சொல்லாமல், வந்ததும் பெரியவர்கள் நாலு பேர் நாலு வேலை ஏவினால் யார் வருவார்? ஆளுக்கு ஒரு வேலை, ஒரு வரிசை, ஒன்றரை மணி நேரம் என்று எழுதி முந்தின ஞாயிறே கையில் கொடுங்கள். 300 இலை என்றால் 50 இலையாக ஆறு வரிசை. வரிசைக்குச் சோறு 2, கறி 1, சாம்பார் 1, கூட்டு 1, தண்ணீர் 1 என ஆறு பேர்; 36. இலை போட, எடுக்க 8. ஆக 44 பேர் ஒரு குழு. முதல் குழு முதல் இரண்டு பந்திக்குப் பரிமாறிவிட்டு மூன்றாம் பந்தியில் உட்காரும். இரண்டாம் குழு முதல் பந்தியிலேயே சாப்பிட்டுவிட்டு மூன்றாம், நான்காம் பந்திக்கு நிற்கும். பசியோடு பரிமாறுகிறவன் முகம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

பெண்களை வெங்காயம் உரிக்க மட்டும் கூப்பிடாதீர்கள். 40 கிலோ சின்ன வெங்காயம் என்பது பத்துப் பேருக்கு இரண்டு மணி நேர வேலை. அதில் ஐந்து பேர் ஆண்களாக இருக்கலாம், யாரும் தடுக்கவில்லை. கையில் புண் இருப்பவர், இரண்டு நாளைக்குள் வாந்தி பேதி கண்டவர் அடுப்புப் பக்கமும் பந்திப் பக்கமும் வரக்கூடாது. அவர்களுக்கு டோக்கன், செருப்பு, வண்டி நிறுத்தம் என்று வேறு வேலை இருக்கிறது. சோப்பும் குழாயும் சமையல் பந்தலுக்குள்ளேயே இருக்கட்டும். ஐம்பதடி தள்ளி வைத்தால் யாரும் கை கழுவ மாட்டார்கள்.

அடுப்பு 9.30க்கு என்றால் சமையல் குழுவுக்குப் பண்டிகை ஆராதனை போய்விடும். இதைச் சமையல்காரர்களே வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். அவர்களுக்காகக் காலை ஆறு மணிக்கு ஒரு சிறிய திருவிருந்து ஆராதனை வைக்க முடியுமா என்று குருவானவரிடம் இப்போதே கேளுங்கள்.

ஆலயத்துக்கு வரமுடியாமல் படுத்திருப்பவர்களுக்கு மிஞ்சியதைக் கட்டிக் கொடுக்காமல், முதல் ஈட்டிலிருந்து முதல் பொட்டலமாக எடுங்கள். பெயர்ப்பட்டியலைச் சபை ஊழியரிடம் வாங்கி, வீட்டுக்கு வீடு முன்கூட்டியே கேட்டு வையுங்கள். விழுங்கச் சிரமப்படுபவருக்கு எலும்பில்லாமல், குழைந்த சோறோடு. சிறுநீரக வியாதிக்காரருக்கு வீட்டார் சொல்கிறபடி. 11.50க்கு வண்டி கிளம்பினால் 12.30க்குள் எல்லோருக்கும் போய்ச் சேரும். கொண்டுபோகிறவர் வாசலில் நீட்டிவிட்டு ஓடாமல் ஐந்து நிமிஷம் உட்காரட்டும். உடனே சாப்பிட வேண்டும், ராத்திரிக்கு வைக்கக்கூடாது என்று வாயால் சொல்ல வேண்டும். பொட்டலத்தில் எழுதினால் படிக்க மாட்டார்கள்.

தூக்குவாளியோடு வருகிறவர்களை விரட்ட முடியாது, விரட்டவும் வேண்டாம்; வீட்டுக்குக் கொண்டுபோவது அசனத்தில் பாதி சந்தோஷம். கடைசிப் பந்தி எழுந்ததும், குழம்பு இன்னும் சூடாக இருக்கும்போதே கொடுத்துவிடுங்கள். வீட்டில் போனதும் அகலமான இரண்டு மூன்று பாத்திரங்களில் மெல்லிசாக ஊற்றி, ஆறியவுடன் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும், ராத்திரி நன்றாகக் கொதிக்க வைத்துச் சாப்பிட வேண்டும். தூக்குவாளியோடு அடுக்களை மேடையில் விட்டால் போன வருஷக் கதைதான். ஃப்ரிட்ஜ் இல்லாதவர்கள் அன்று மாலைக்குள் முடித்துவிடட்டும். 4 மணிக்கு மேல் அண்டாவில் எது மிஞ்சினாலும் குழியில் கொட்டுங்கள், ஏலம் விடாதீர்கள்.

மதக் கூட்டங்களில் உணவு வழங்குவதும் 2011-ஆம் வருஷ உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி பதிவுக்குள் வருகிறது. உங்கள் வட்டார உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் ஒரு மாதம் முன்னால் போய்க் கேட்டுவிடுங்கள். சமையலை ஒப்பந்தத்துக்கு விட்டால் ஒப்பந்தக்காரரின் உரிம எண்ணை வாங்கிக் கோப்பில் வையுங்கள். வரவு செலவை அடுத்த ஞாயிறே ஆலய அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள், கறிக்கடை ரசீது உட்பட.

கடைசியாக ஒரு சின்ன வேலை. ஒவ்வொரு ஈடு இறங்கும்போதும் சோறு, கறி, சாம்பார் ஒவ்வொன்றிலும் கால் கிலோ, வெந்நீரில் கழுவிய எவர்சில்வர் டப்பாவில் எடுத்து, ஈடு எண்ணும் மணியும் எழுதிய சீட்டு ஒட்டி, யாராவது ஒருவர் வீட்டு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் இரண்டு நாள் வையுங்கள். யாருக்காவது உடம்புக்கு வந்தால் சுகாதார அலுவலர் முதலில் அதைத்தான் கேட்பார். வராவிட்டால் செவ்வாய்க்கிழமை கொட்டிவிடலாம். டப்பாவில் ‘அசனம், தொடாதீர்கள்’ என்று கொட்டை எழுத்தில் எழுத மறந்துவிடாதீர்கள். ஃப்ரிட்ஜில் கறிக்குழம்பு கண்ணில் பட்டால் எந்த வீட்டிலும் பிள்ளைகள் செவ்வாய் வரை பொறுக்க மாட்டார்கள்.